மூன்றாவது பாட்டுக்குப் பிறகு

ஜூலை 26, 2025, சனி

காலையில் தூத்துக்குடி பனிமய மாதா கோவிலில் கொடியேற்றம். சாயங்காலம் வரை பீச் ரோட்டில் கூட்டம் குறையவில்லை. அதைத் தாண்டி இனிகோ நகர் பக்கம் ஒரு மாடி அறைக்குப் போய்ச் சேர இருட்டிவிட்டது.

அங்கே ஒரு இசைக்குழு, நாலு பையன்கள். பாடுகிறவனுக்குப் பகலில் கிளியரிங் ஏஜென்ட் அலுவலகத்தில் வேலை. டிரம்மர் விசைப்படகு இன்ஜின் மெக்கானிக். ராக் வாசிக்கிறார்கள், பாட்டெல்லாம் சொந்தப் பாட்டு, தமிழ்ப் பாட்டு. கேமராவைப் பையை விட்டு வெளியே எடுக்காமல் கேட்டுக்கொண்டிருந்தேன்.

“படம் எடுக்கலையா அண்ணாச்சி?”

“பாட்டு மனசுல ஏறட்டும்லே, பொறவு எடுக்கேன்.”

பாட்டு எந்த இடத்தில் ஏறும், எங்கே சட்டென்று நிற்கும் என்று தெரியாதவன் எடுக்கும் படத்தில் வாத்தியம் இருக்கும், வாசிப்பு இருக்காது. எனக்கு அதில் சந்தேகமே இல்லை.

ஜூலை 28, திங்கள்

பெரிய கச்சேரிகளில் புகைப்படக்காரர்களுக்கு ஒரு விதி உண்டு: முதல் மூன்று பாட்டு, ஃபிளாஷ் கூடாது, அப்புறம் வெளியேறிவிட வேண்டும். வியர்வை வழிந்து, குரல் கட்டி, கலைஞர் தன்னை மறக்கும் நேரத்தில் நம்மை வெளியே நிறுத்திவிடுகிறார்கள். இந்த விதி இந்தக் கலைக்குச் செய்த கெடுதல் கொஞ்சநஞ்சமல்ல.

புகைப்படக் கலைஞர் தயானிதா சிங்கை இன்று நெடுநேரம் நினைத்துக்கொண்டிருந்தேன். அகமதாபாத் தேசிய வடிவமைப்புக் கல்லூரியில் மாணவியாக இருந்தபோது தபலாக் கலைஞர் ஜாகிர் உசேன் கச்சேரியைப் படமெடுக்கப் போனார். அமைப்பாளர்கள் தடுத்ததில் கீழே விழுந்தார். அதோடு திரும்பிவிடாமல் ஜாகிரிடமே நேராகப் பேசினார். அதற்குப் பிறகு ஆறு குளிர்காலங்கள் அவரோடும் அவர் சகாக்களோடும் ஊர் ஊராகப் பயணம். 1986இல் வந்த தயானிதாவின் முதல் புத்தகத்தில் மேடை மட்டும் இல்லை; வீடு இருக்கிறது, குடும்பம் இருக்கிறது. அது ராக் இல்லை, தபலாதான். ஆனாலும் இசைக்கலைஞரைப் படமெடுக்க நினைக்கும் எவருக்கும் நம் நாட்டில் அதைவிட நல்ல பாடம் எனக்குத் தெரியவில்லை. 2022இல் ஹாசல்பிளாட் விருது அவரைத் தேடி வந்தது. ஜாகிர் போன டிசம்பரில் போய்ச் சேர்ந்தார். அந்த ஆறு குளிர்காலங்கள் இன்னும் நம் கையில் இருக்கின்றன.

ஆகஸ்ட் 1, வெள்ளி

மாடி அறையில் கேமராவை வெளியே எடுத்தேன். ஐம்பது எம்.எம். லென்ஸ் ஒன்றுதான். பக்கத்தில் போனால்தான் முகம் கிடைக்கும். நமக்கு வேண்டியதும் அந்த நெருக்கம்தான்.

மலிவான எல்.இ.டி. விளக்கு கண்ணுக்குத் தெரியாமல் துடித்துக்கொண்டே இருக்கும். நம் மின்சாரத்துக்கு நொடிக்கு நூறு துடிப்பு. ஷட்டரை நொடியில் நூறில் ஒரு பங்குக்கு வைத்தால் படத்தில் வரி விழாது. டிரம்மரின் குச்சி மட்டும் லேசாகக் கலங்கும். கலங்கட்டும், அந்தக் கையின் வேகம் அதில்தான் தெரிகிறது.

பாடுகிறவன் மைக்கை வாயோடு ஒட்டிப் பிடிக்கிறான். பாதி முகம் மறைந்துவிடுகிறது. வரி முடிந்து மூச்சிழுக்க அரையடி பின்னால் போவான் பாருங்கள், அப்போதுதான் அழுத்த வேண்டும். ஒவ்வொரு பாட்டிலும் அந்த இடம் இப்போது எனக்கு அத்துப்படி.

ஆகஸ்ட் 3, ஞாயிறு

சின்ன மண்டபத்தில் பையன்களின் கச்சேரி. நல்ல கூட்டம். ஊதா விளக்கு எல்லார் முகத்தையும் விழுங்கிவிட்டது; நிறத்தை விட்டுக் கருப்பு வெள்ளைக்குப் போனேன்.

பென்னி ஸ்மித் 1979இல் நியூயார்க்கில் எடுத்த படம் ஞாபகம் வந்தது. தி கிளாஷ் குழுவின் பால் சைமனன் பேஸ் கிட்டாரைத் தரையில் ஓங்கி அடிக்கப் போகும் கணம். ஃபோகஸ் சரியில்லை, உறைக்கு வேண்டாம் என்று பென்னியே வாதாடினார். குழு கேட்கவில்லை, ‘லண்டன் காலிங்’ ஆல்பத்துக்கு அதுவே உறையானது. துல்லியத்தைவிட அந்தக் கணத்தின் உக்கிரம் பெரிது என்று பார்த்த குழுவின் பக்கம்தான் நான்.

கச்சேரி முடிந்து மேடைக்குப் பின்னால் டிரம்மர் சுவரில் சாய்ந்து உட்கார்ந்தான். விரலிடுக்கில் தோல் உரிந்திருந்தது, நகக்கண்ணில் இன்ஜின் கிரீஸ். “எடுக்கட்டுமா?” என்றேன். ஒன்றும் சொல்லாமல் உள்ளங்கையை விரித்துக் காட்டினான்.

ஆகஸ்ட் 5, செவ்வாய்

மாதா திருவிழா, ஊருக்கு விடுமுறை. பேஸ் வாசிக்கிற தம்பி வீட்டில் சாப்பாடு. தாத்தா அந்தக் காலத்தில் முத்துக்குளித்தவர். இங்கே கடைசி முத்துக்குளிப்பு 1961இல் நடந்தது, பிறகு சங்குகுளிதான். கல்லைக் கட்டிக்கொண்டு கீழே இறங்குகிறவர் கயிற்றைப் பிடிக்க மச்சானைத்தான் நிறுத்துவார்கள் என்றார். தங்கச்சி தாலி அவன் கையில் இருக்கிறதல்லவா, விட்டுவிட மாட்டான்.

பேரன் தாத்தா காலடியில் உட்கார்ந்து ஆம்ப்ளிஃபயர் இல்லாமல் மெதுவாகத் தந்தியைத் தட்டினான். ஜன்னல் வெளிச்சம் போதுமாக இருந்தது. நான் அங்கே இருப்பதையே இருவரும் மறந்துவிட்டார்கள். இத்தனை நாளில் எடுத்ததில் இதுதான் நல்ல படம்.

ஆகஸ்ட் 7, வியாழன்

உப்புக்காற்று லென்ஸுக்கு எமன். துடைத்து, சிலிக்கா ஜெல்லோடு டப்பாவில் அடைத்தேன். படங்களைப் பிரிண்ட் போட்டு நாலு பேர் கையிலும் கொடுத்தேன். உரிந்த விரல் படத்தை எங்கேயும் போட வேண்டாம் என்று டிரம்மர் கேட்டுக்கொண்டான். போட மாட்டேன். அது அவன் கை, முடிவு அவனுடையது.

திருநெல்வேலியிலும் நாகர்கோவிலிலும் இப்படி மாடி அறைகளில் வாசிக்கிற பிள்ளைகள் இருப்பார்கள். பெரிய மேடை கிடைக்கும் வரை காத்திருக்க வேண்டாம். கேமரா வைத்திருக்கிறவர்கள் இப்போதே போய் உட்காருங்கள்; முதலில் பாட்டைக் கேளுங்கள். எடுத்த படத்தை மறக்காமல் அவர்கள் கையில் கொடுங்கள்.