ஆம்ஸ்டர்டாமில் ஒரு நாள்

நாகபுரியில் பிறந்து வளர்ந்த தமிழ் மாணவி ஒருத்தி, நெதர்லாந்து நாட்டின் டெல்ஃப்ட் நகரில் கட்டடக்கலை பயின்றுவந்தாள். கோடை விடுமுறைக்கு முந்திய ஒரு சனிக்கிழமையன்று, டச்சுத் தோழியுடன் ரயிலேறி, ஒரு மணி நேரத்தில் ஆம்ஸ்டர்டாமை அடைந்தாள்.

ஊரெங்கும் கால்வாய்கள். கரையோர வீடுகள் ஒடுங்கி உயர்ந்திருந்தன. பல வீடுகள் தெருப்பக்கம் சற்றே சாய்ந்தும் நின்றன. முகப்பின் உச்சியில் இரும்புக் கொக்கிகள் தொங்கின. குறுகிய படிக்கட்டில் கட்டிலும் அலமாரியும் ஏறா. ஆகவே அவற்றைக் கயிற்றில் கட்டி, வெளியிலிருந்தே சன்னல் வழியாக ஏற்றுவர். அவை சுவரில் இடிபடாதிருக்க அந்தச் சாய்வு உதவும். ஈர நிலத்தில் ஆழ அறைந்த மரத்தூண்களே பழைய வீடுகளைத் தாங்குகின்றன என்பதை அவள் வகுப்பில் படித்திருந்தாள்.

நண்பகலில் இருவரும் ரைக்ஸ் அருங்காட்சியகத்திற்குச் சென்றனர். 1885இல் திறக்கப்பட்ட அம்மாளிகையின் நடுவே மிதிவண்டிப் பாதை ஒன்று ஊடுருவிச் செல்கிறது. கலைக்கருவூலத்தின் ஊடே மணியடித்துக்கொண்டு அலுவலுக்குப் போகும் மக்களை வேறெங்குக் காண்பது!

உள்ளே, ரெம்பிராண்ட் 1642இல் தீட்டிய ‘இரவுக் காவல்’ ஓவியத்தின்முன் பெருங்கூட்டம். அது உண்மையில் இரவுக் காட்சியன்று. மேலே பூசிய மெருகெண்ணெய் கறுத்தமையால் வந்த பெயர் அது. 1715இல் நகர மன்றச் சுவரில் பொருத்துவதற்காக அதன் ஓரங்களை வெட்டியும்விட்டனர். இவற்றையெல்லாம் மாணவி டச்சுத் தோழிக்கே எடுத்துரைத்தாள். தோழி வியந்தாள். மாணவிக்குப் பெருமிதம் தாங்கவில்லை.

பின்னர், நீர் சூழ்ந்த ஆசியக் கலைக்கூடத்தில் நடராசரைக் கண்டனர். பன்னிரண்டாம் நூற்றாண்டில் தமிழகத்தில் வார்க்கப்பட்ட வெண்கலத் திருமேனி. உயரம் ஏறத்தாழ ஒன்றரை மீட்டர். ரோட்டர்டாம் சுங்கத்துறையினர் சரக்குப் பெட்டகங்களைச் சோதிக்கும் எக்ஸ் கதிர்க் கருவியில், லாரியோடு சேர்த்து இதனை ஆராய்ந்திருக்கின்றனர். உள்ளே வெற்றிடமின்றி, திருவாசி உட்பட அனைத்தும் கெட்டியாக வார்க்கப்பட்டவை எனத் தெரியவந்தது.

“இவர் காலடியில் கிடப்பவன் யார்?” என்று தோழி கேட்டாள்.

மாணவி விடையறியாது நின்றாள். வீட்டுப் பூசையறையில் நாள்தோறும் கண்ட உருவம்தான். ஆயினும், தூக்கிய திருவடியைப் பார்த்தவள் ஊன்றிய திருவடியின்கீழ்ப் பார்த்ததில்லை.

கூடத்திற்கு வெளியே வந்து, கும்பகோணத்திலிருந்த பாட்டியைத் தொலைபேசியில் அழைத்தாள். அங்கே விளக்கேற்றும் நேரம்.

“அவன் முயலகன், கண்ணு. அறியாமையின் வடிவம்” என்றார் பாட்டி. சிறிது நேரம் அவரிடமிருந்து பேச்சில்லை. பிறகு, “வீதியுலா வருகிற சாமி ஆயிற்றே! அங்கே ஒரு முழம் பூவாவது சாத்தியிருக்கிறார்களா?” என்று கேட்டார்.

“இல்லை, பாட்டி.”

“சரி. நீயாவது இன்னும் கொஞ்ச நேரம் பக்கத்தில் நின்றுவிட்டு வா.”

அருங்காட்சியகம் மூட நேரமிருந்தது. மாணவி தோழியை அழைத்துக்கொண்டு மறுபடியும் உள்ளே சென்றாள். பீடத்தருகே குனிந்து, முயலகனின் முகத்தைப் பார்த்தாள்.