தை இரண்டாம் நாள் கணக்கு

பெரும்பாக்கம். காலை 6.10. சோழிங்கநல்லூர் – மேடவாக்கம் சாலையோரம் மூன்று ஸ்கூட்டர், ஒரு புல்லட், ஒரு பழைய மாருதி. ஒரு பக்கம் சதுப்பு நீர். சற்றுத் தள்ளி ஒரு பெரிய மருத்துவமனை. அதன் விளக்கு எழுத்துகள் தண்ணீரில் தலைகீழாகக் கிடக்கின்றன.

எட்டுப் பேர். யாரும் உரக்கப் பேசவில்லை. பறவை கலைந்துவிடும். முதுகுக்குப் பின்னால் தண்ணீர் லாரி ஒன்று ஹாரன் அடித்தபடி போகிறது. நாமக்கோழிகள் தலைகூடத் திருப்பவில்லை.

பச்சைத் தொப்பி வைத்த பெரியவர் ட்ரைபாடின் கால்களை ஒவ்வொன்றாக இழுத்துப் பூட்டுகிறார். தோள்பையில் சலீம் அலியின் புத்தகம். பிரவுன் தாள் அட்டை, முனைகளில் செலோடேப். புத்தகத்தை யாரும் கேட்கவில்லை. அவரும் எடுக்கவில்லை. எல்லோர் கையிலும் போன்.

பொங்கல் பறவைக் கணக்கெடுப்பு. ஓர் இடத்தில் குறைந்தது 15 நிமிடம் நிற்க வேண்டும். பார்த்ததையும் கேட்டதையும் பதிய வேண்டும். எண்ணிக்கையோடு.

கல்லூரிப் பெண் ஒருத்தி போனில் பட்டியலைத் திறக்கிறாள். நேரம் ஓடத் தொடங்குகிறது. பத்து வயதுப் பையன் ஒருவன் கட்டம் போட்ட கணக்கு நோட்டோடு வந்திருக்கிறான். அவன் அப்பா மாருதியின் பானெட்டில் சாய்ந்து கொட்டாவி விடுகிறார்.

கிழக்கு வெளுக்கிறது. கறுப்பாக இருந்த திட்டுகள் வாத்துகளாகின்றன.

அரிவாள் மூக்கன்கள் முதலில். நூற்றுக்கணக்கில் மேய்கின்றன. பெரியவர் டெலஸ்கோப்பில் கண் வைத்து, இடது கையை மட்டும் முன்னால் நீட்டுகிறார். பத்துப் பறவைக்கு ஒரு விரல் மடங்குகிறது. ஐந்து விரலும் மடங்கினால் 'ஐம்பது' என்கிறார். பெண் தட்டுகிறாள். கை விரிகிறது. மறுபடி மடங்குகிறது.

முந்நூற்று ஐம்பதில் சேற்றுப் பூனைப் பருந்து வருகிறது. தாழப் பறக்கிறது. கோரைக்கு மேல் சிறகடிக்காமல் வழுக்கிப் போகிறது. ஏரி முழுவதும் எழுகிறது. நீலச்சிறகி, ஊசிவால் வாத்து, தட்டைவாயன், பவளக்கால் உள்ளான், எல்லாம் ஒன்றாகக் கலந்து ஒரு சுற்று சுற்றி வேறு வேறு இடத்தில் இறங்குகின்றன.

பெரியவர் விரல்களை விரித்துப் பார்க்கிறார்.

"முதல்லேர்ந்து."

பருந்து ஒன்றையும் பிடிக்கவில்லை. மின்கம்பத்துக்கு அப்பால் போய்விட்டது. 'சேற்றுப் பூனைப் பருந்து, 1' என்று பெண் பதிகிறாள்.

சாலையோரச் சீமைக்கருவேல முள்ளுக்குள் 'டக்' என்று ஒரு சத்தம். சிறிது பொறுத்து இன்னொரு 'டக்'. கிளை அசையவில்லை. இலை அசையவில்லை.

"பிளித் கதிர்க்குருவி," என்கிறார் பெரியவர், திரும்பாமலே. "ரஷ்யா பக்கத்துலேர்ந்து வருது. ஏப்ரல் வரைக்கும் இங்கதான்."

பையன் முள்ளுக்குள் குனிந்து பார்க்கிறான். ஒரு ஷாம்பு பாக்கெட், ஒரு செருப்பு, ஒரு தர்மாகோல் துண்டு. குருவி இல்லை. மறுபடி 'டக்'. நோட்டில் ஒரு கோடு போடுகிறான்.

நீளவால் இலைக்கோழி ஒன்று ஆகாயத்தாமரை மேல் நடக்கிறது. விரல்கள் அதன் உடம்பைவிட அகலமாகப் பரவுகின்றன. இலை அமுங்குகிறது, மூழ்கவில்லை.

"அங்கிள், வால் எங்க?"

"இப்ப இருக்காதுப்பா. முட்டையிடற சீசன்லதான் வளரும்."

பையன் நோட்டில் எழுதிய பெயரைப் பார்க்கிறான். பறவையைப் பார்க்கிறான். பெயரை அடிக்கவில்லை.

கூட்டத்திலிருந்து பத்தடி தள்ளி ஒருவர் நிற்கிறார். சட்டை, பேன்ட், தொப்பி எல்லாம் இலைநிறம். லென்ஸுக்கும் இலைநிறத்தில் உறை. ஷூ மட்டும் பளிச்சென்ற ஆரஞ்சு. வந்ததிலிருந்து ஒரே சம்புப் புதரைப் பார்க்கிறார். நேற்று அங்கே யாரோ கருங்குருகைப் பார்த்திருக்கிறார்கள். அவருக்கு வாத்து வேண்டாம், அரிவாள் மூக்கன் வேண்டாம். கொசு அவர் கழுத்தில் உட்கார்கிறது. அவர் அசையவில்லை. கொசு குடித்து முடித்து எழுகிறது.

7.05. புதரின் ஓரம் ஒரு கறுப்பு நிழல் இரண்டு அடி நடக்கிறது. காமிரா படபடவென்று சுடுகிறது. பறவை உள்ளே போகிறது.

"கிடைச்சிடுச்சு!"

"லைஃபரா? மொத தடவையா?"

"லைஃபர்தான்!"

எல்லோரும் ஓடுகிறார்கள். கைக்குட்டை அளவுகூட இல்லாத திரைமேல் ஏழு தலைகள் குவிகின்றன. படத்தைப் பெரிதாக்குகிறார். கழுத்தோரத்து மஞ்சள் தெரிகிறது. இன்னும் பெரிதாக்குகிறார். மஞ்சள் கட்டம் கட்டமாக உடைகிறது. அவர்கள் முதுகுக்குப் பின்னால் கருங்குருகு புதரிலிருந்து வெளிவருகிறது. திறந்த நீரோரம் நின்று கழுத்தை நீட்டுகிறது. ஒரு மீனை விழுங்குகிறது. நிதானமாக உள்ளே போகிறது.

மாடுகள் வருகின்றன. ஆறு எருமை, இரண்டு பசு. கொம்புகளில் நேற்று அடித்த பெயின்ட், ஒன்று நீலம், ஒன்று சிவப்பு. ஒரு எருமையின் கொம்பில் பலூன் கட்டியிருக்கிறது. ஓட்டிவருகிறவர் புது லுங்கி, பழைய சட்டை. எருமைகள் நேராகத் தண்ணீருக்குள் இறங்குகின்றன. பெயின்ட் கரையவில்லை. எனாமல்.

உண்ணிக்கொக்குகள் எங்கிருந்தோ வந்து ஆளுக்கொரு எருமையைப் பங்கு போட்டுக்கொள்கின்றன. பலூன் கட்டிய எருமைமேல் உட்காரவந்த கொக்கு, பலூன் ஆடியதும் எழுகிறது. மறுபடி இறங்கிப் பார்க்கிறது. மறுபடி எழுகிறது. கடைசியில் பக்கத்து எருமைக்குப் போகிறது. அங்கே ஏற்கெனவே இரண்டு.

மாட்டுக்காரர் ட்ரைபாட் அருகே நின்று பீடி பற்றவைக்கிறார்.

"எத்தினி ஆச்சு சார்?"

"முப்பத்தெட்டு வகை."

"போன வருசம்?"

"நாப்பத்தொண்ணு."

அவர் தலையாட்டிக்கொள்கிறார். மாடுகளை விரல் நீட்டி எண்ணுகிறார். எட்டு. சரியாக இருக்கிறது. போகிறார்.

சாலைக்கு எதிர்ப்புறம் அடுக்குமாடிக் குடியிருப்பு. மொட்டைமாடியில் தண்ணீர்த் தொட்டிகளுக்கு நடுவே மூன்று பெண்கள், ஒரு பாட்டி. குளிக்காத தலை, உடம்பில் நேற்றைய புடவை. கனுப்பிடி வைக்கிறார்கள். தரையில் சின்னக் கோலம். அதன்மேல் மஞ்சள் இலை. இலையில் மஞ்சள் சோறு, குங்குமச் சோறு, தயிர்ச்சோறு, உருண்டை உருண்டையாக வரிசையில். ஓரத்தில் கரும்புத் துண்டு, வாழைப்பழம். பாட்டி அண்ணன் தம்பிகள் பெயரை ஒவ்வொன்றாக முணுமுணுக்கிறாள். ஒரு பெயரில் நிற்கிறாள். அடுத்ததற்குப் போகிறாள்.

காக்கைகள் கைப்பிடிச் சுவரில் வந்து உட்கார்கின்றன. டிஷ் ஆன்டெனாக்களில் உட்கார்கின்றன. ஒன்று குங்குமச் சோற்றை எடுக்கிறது. இன்னொன்று வாழைப்பழத்தை முழுசாகக் கவ்விக்கொண்டு போய்ப் பக்கத்து மாடியில் போடுகிறது. அதன்மேல் ஆறு இறங்குகின்றன. மாடி கறுத்துவிடுகிறது.

கீழே எட்டுப் பைனாகுலரும் எதிர்த் திசையில்.

நேரம் முடிகிறது. போன் ஒரு கேள்வி கேட்கிறது. கண்டு அடையாளம் தெரிந்த பறவைகள் எல்லாவற்றையும் பதிந்தாயிற்றா?

பெண் 'ஆம்' என்பதைத் தொடுகிறாள்.

பள்ளிக்கரணை. 9.30. துரைப்பாக்கம் – பல்லாவரம் ரேடியல் சாலை சதுப்பின் குறுக்கே போகிறது. 200 அடி அகலம். சாலைக்கு இரண்டு பக்கமும் தண்ணீர். வனத்துறைப் பலகையில் பூநாரை படம். 2007-ல் காப்புக்காடு. 2022-ல் ராம்சர் தலம். பலகையின் காலில் ஒரு டூலெட் போஸ்டர்.

பெரியவர் கையை நீட்டிப் பையனுக்குக் காட்டுகிறார். "அங்க வாத்து. அதுக்கு அந்தாண்ட கூழைக்கடா. இந்தப் பக்கம் பூராவும் உள்ளான்." விரல் கண்ணாடிக் கட்டடம் ஒன்றைக் கடக்கிறது. இன்னொன்றைக் கடக்கிறது. பையன் விரலைப் பின்தொடர்கிறான். பைனாகுலரைத் தூக்குகிறான். ஏழாவது மாடியில் ஒருவர் ஜன்னல் துடைத்துக்கொண்டிருக்கிறார்.

தூரத்தில் பெருங்குடிக் குப்பைமேடு. அதற்குமேல் கரும்பருந்துகள் அடுக்கடுக்காகச் சுற்றுகின்றன. பண்டிகை விடுமுறை. மஞ்சள் பொக்லைன் ஒன்று கையைத் தூக்கியபடி நிற்கிறது. அந்தக் கையின் நுனியில் ஒரு கொக்கு.

பூநாரைகள் இருக்கின்றன. நீரின் நடுவில், வெகு தூரத்தில். வெறுங்கண்ணுக்கு வெள்ளைப் புள்ளி. டெலஸ்கோப்பில் இளஞ்சிவப்பு. தலையைக் கவிழ்த்து, அலகை மேல்கீழாகத் திருப்பி, சேற்றை அரித்து அரித்து நகர்கின்றன. ஒரு மணி நேரம் பார்த்தாலும் இதேதான் செய்யும்.

ஒரு ஷேர் ஆட்டோ நிற்கிறது. குடும்பம் இறங்குகிறது. பட்டுப்பாவாடைச் சிறுமியை அம்மா தூக்கி டெலஸ்கோப் அருகே கொண்டுபோகிறாள். சிறுமி பார்க்க வேண்டிய கண்ணை மூடி, மற்றக் கண்ணைத் திறந்து வைத்திருக்கிறாள்.

"தெரியுதா?"

"தெரியுது."

அம்மாவும் பார்க்கிறாள். "சூப்பரா இருக்கு சார்."

ஆட்டோ போகிறது. பெரியவர் கண் வைத்துப் பார்க்கிறார். டெலஸ்கோப் இடம் மாறியிருக்கிறது. முழு வட்டத்திலும் பொக்லைன். அவர் ஒன்றும் சொல்லாமல் திருகைத் திருப்புகிறார்.

வண்டிகள் ஒவ்வொன்றாக ஓரம் கட்டுகின்றன. பின்னால் நெரிசல். போலீஸ் ரோந்து வண்டியின் மைக் கரகரக்கிறது. "வண்டிய எடுங்க, வண்டிய எடுங்க." மைக்கில் பேசும் காவலரும் ஒருமுறை எட்டிப் பார்க்கிறார். "பூநாரையா?" மைக்கை அணைக்க மறந்துவிட்டார். சாலை முழுக்கக் கேட்கிறது.

சுற்றுவட்டார ஏரிகளின் மிச்சத் தண்ணீர் எல்லாம் இங்கே வந்துதான் போக வேண்டும். ஒக்கியம் மடுவு, பக்கிங்காம் கால்வாய், பிறகு கோவளத்துக் கடல். சிறுபாலம் ஒன்றின் வாயில் பிளாஸ்டிக் அடைத்து நிற்கிறது. அதன்மேல் வெண்மார்பு மீன்கொத்தி. நீரைப் பார்க்கிறது. பாய்கிறது. திரும்பி வந்து அதே பிளாஸ்டிக்கில் அமர்கிறது. வாயில் மீன்.

டீக்கடை. தொலைக்காட்சியில் பாலமேடு ஜல்லிக்கட்டு. வாடிவாசல் திறக்கிறது. காளை வருகிறது. முதுகில் எண் போட்ட பனியன்கள் பாய்கின்றன. வர்ணனையாளர் சுற்றுகளை எண்ணுகிறார், பிடித்த காளைகளை எண்ணுகிறார், சைக்கிள், பீரோ, தங்கக்காசு என்று பரிசுகளையும் எண்ணுகிறார். எட்டுப் பேரும் வடையைக் கையில் வைத்துக்கொண்டு பார்க்கிறார்கள். எச்சில் தட்டுத் தொட்டியைச் சுற்றிக் காக்கைகள் குதிக்கின்றன. கடைக்காரர் ஈரத் துணியை வீசி விரட்டுகிறார். அவை இரண்டடி நகர்ந்து திரும்ப வருகின்றன.

எதிரே டாஸ்மாக். திருவள்ளுவர் தினம், விடுமுறை. மூடிய ஷட்டரின் முன்னால் ஒருவர் குந்தியிருக்கிறார். அறிவிப்பைப் படிக்கிறார். எழுந்து இன்னொரு முறை, அருகில் போய்ப் படிக்கிறார்.

அடையாறு முகத்துவாரம். மாலை 4.45. உடைந்த பாலம். 1967-ல் கட்டியது, 1977 வெள்ளத்தில் போனது. மிச்சமிருக்கும் பாலத்தின் விளிம்பில் ஜோடி ஜோடியாகச் செல்ஃபி எடுக்கிறார்கள். கீழே மணல்திட்டில் உப்புக்கொத்திகள். ஓடுகின்றன, நிற்கின்றன, கொத்துகின்றன. மறுபடி ஓடுகின்றன. பழுப்புத்தலைக் கடற்காகங்கள் எல்லாம் காற்றைப் பார்த்து ஒரே திசையில் உட்கார்ந்திருக்கின்றன.

ட்ரோன் ஒன்று எழுகிறது. திட்டு காலியாகிறது.

பெரியவர் மடக்கிய விரலைப் பார்க்கிறார். நாற்பது. பெண் அவரைப் பார்க்கிறாள். இருவரும் பேசவில்லை. ட்ரோன்காரப் பையன்கள் வந்து "ஸாரி அங்கிள்" என்கிறார்கள். பறவைகள் பத்து நிமிடத்தில் திரும்புகின்றன. மடக்கிய விரல்கள் விரிகின்றன.

5.50. வெளிச்சம் இறங்குகிறது. பெண் அன்றைய பட்டியல்களைச் சேர்த்து உரக்கப் படிக்கிறாள். முக்குளிப்பானில் தொடங்கி ஆலாவில் முடிக்கிறாள். எழுபத்து மூன்று வகை. இலைநிறச் சட்டைக்காரர் கைதட்டுகிறார்.

"காக்கா?" என்கிறார் பையனின் அப்பா. காலையிலிருந்து அவர் சொல்லும் முதல் பறவை.

யாரும் பேசவில்லை. பெண் திரையை மேலும் கீழும் தள்ளிப் பார்க்கிறாள். பெரும்பாக்கத்தில் இல்லை. பள்ளிக்கரணையில் இல்லை. பையன் கணக்கு நோட்டைப் புரட்டுகிறான். கடைசிப் பக்கம்வரை புரட்டுகிறான்.

"நூறு போடு," என்கிறார் ஒருவர்.

"டீக்கடையிலேயே நூறு இருக்கும்."

"எக்ஸ் போட்டுடலாம் அங்கிள். இருந்துச்சு, எண்ணலைன்னு அர்த்தம்."

"வாத்துக்கு எக்ஸ் போட்டியா?"

விட்டது போகட்டும். இங்கேயாவது எண்ணலாம். காக்கைகள் நகரத்துக்கு மேலாக அடைய வருகின்றன, இரண்டு இரண்டாக, பிறகு பத்துப் பத்தாக. எட்டுப் பேரும் கடலுக்கு முதுகைக் காட்டி நிற்கிறார்கள். பைனாகுலர் தேவைப்படவில்லை. ஆளுக்கு ஒரு எண் சொல்கிறார்கள். அண்டங்காக்கை தனியா என்று ஒருவர் கேட்கிறார். தனிதான். இதுவரை எண்ணியதில் எத்தனை அண்டங்காக்கை? தெரியாது.

"முதல்லேர்ந்து."

அப்பாவின் போன் அடிக்கிறது. வீட்டில் விருந்தாளிகள். வந்துகொண்டே இருப்பதாகச் சொல்கிறார். வரவில்லை. இரண்டாவது முறை அடிக்கிறது. மாருதியைக் கிளப்புகிறார். பையன் பின்சீட்டில் ஏறி, கண்ணாடியை இறக்கி, கழுத்தை வெளியே வளைக்கிறான்.

நூற்று எண்பத்தாறு. பெசன்ட் நகரில் இருநூற்றுப் பதினொன்று.

"இதெல்லாம் அந்த லிஸ்ட்ல வராதுடா," என்கிறார் அப்பா.

அடையாறு சிக்னல். சிவப்பு. மேலே கம்பியில் வரிசையாக இருபது. பையன் நோட்டை முழங்காலில் வைத்துக் கோடு போடுகிறான். அப்பா ஸ்டியரிங்கைக் கட்டிக்கொண்டு, தலையைத் தூக்கிக் கண்ணாடி வழியே பார்க்கிறார்.

"இருபத்தொண்ணு. ஓரத்துல ஒண்ணு இருக்கு பார்."

பச்சை விழுகிறது. பின்னால் ஹாரன்.