எலிக்கு ஒரு துப்பாக்கி

தென்னையிலிருந்து முற்றிய காய் விழுந்தால் வீட்டிலுள்ளோர் மகிழ்வர். சேக்காட்டில் நம் கொல்லையில் நிற்கும் நான்கு தென்னைகளும் சென்ற ஆண்டு முழுவதும் உதிர்த்தவையோ குரும்பைகளும் இளங்காய்களுமே. எடுத்துப் பார்த்தால் காம்பை ஒட்டி ஒரு துளை இருக்கும். உள்ளே நீரும் இராது, வழுக்கையும் இராது. இளநீரைச் சீவிக் குடிக்க மனிதன் கற்பதற்கு முன்பே எலி கற்றிருக்க வேண்டும். அத்துணை நேர்த்தியான வேலை!

சேக்காடு இன்று ஆவடி மாநகராட்சியைச் சேர்ந்தது. பட்டாபிராமும் இந்துக் கல்லூரி ரயில் நிலையமும் அருகிலேயே உள்ளன. ஏரி இருக்கிறது. வயல் இருந்த இடங்களிலெல்லாம் வீடுகள் எழுந்துவிட்டன. வயல் போனதால் வயலெலிதான் நம் வீட்டுக்குக் குடிவந்துவிட்டது என்று நாம் எண்ணியிருந்தோம். ஊத்துக்கோட்டைப் பக்கம் நிலம் வைத்திருக்கும் மச்சான்தான் அதனைத் திருத்தினார். வரப்பில் வளை தோண்டுவது ஓரினம். தென்னையில் ஏறுவது வேறோரினம். சாக்கடையோரம் உலவும் பெருச்சாளி இன்னொன்று. மூன்றும் அவருக்குப் பழக்கம். அவருடைய நெல்லையும் வேர்க்கடலையையும் அவை பங்கு போட்டுக்கொண்டு வருவது பல்லாண்டு வழக்கு.

“மச்சான், ஏர்கன் ஒன்று வாங்கிவிடுவோம். கையில் கனக்காததாய், விலையும் கட்டுபடியாவதாய் ஒன்று. பாதி நாள் உங்களிடம் இருக்கட்டும், பாதி நாள் என்னிடம்” என்றார்.

நம் துணைவியார் அடுக்களையிலிருந்து கேட்டுக்கொண்டிருந்தார். “பிள்ளைகள் ஓடித்திரியும் வீட்டில் துப்பாக்கியா தம்பி?” என்று மட்டும் கேட்டார்.

எலியின்மேல் அவருக்கு இரக்கம் இருந்ததாகக் கொள்ள வேண்டா. இஹ்ராம் கட்டிய நிலையிலும் கொல்ல அனுமதிக்கப்பட்ட ஐந்தில் எலியும் ஒன்று என்பதை அறியாதவர் அல்லர். உறங்கப்போகும்போது விளக்கை அணைத்துவிடுமாறு நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் பணித்ததும், எலி திரியை இழுத்துச் சென்று வீட்டாரை எரித்துவிடக்கூடும் என்ற காரணத்தால் அன்றோ? அரிசி மூட்டையின் அடியில் எலிப்புழுக்கையைப் பொறுக்கிப் பொறுக்கி அவர் கை சலித்துப்போயிருந்தது. அவர் அஞ்சியது எலிக்காக அன்று.

மச்சானின் சொல் வென்றது. சென்னைக்குச் சென்று கடையொன்றில் விசாரித்தோம். உரிமம் பற்றிய அச்சம் முதலில் நீங்கியது. படைக்கலச் சட்டம் 1959ஆம் ஆண்டினது. அதன்கீழ் 2016இல் வந்த விதிகளின்படி, குழல் துளை 4.5 மில்லிமீட்டருக்கு மேற்பட்டாலோ ஆற்றல் 20 ஜூலைத் தாண்டினாலோதான் காற்றுத் துப்பாக்கிக்கு உரிமம் வேண்டும். அவ்வெல்லைக்குள் அடங்கியதை அடையாளச் சான்றும் முகவரிச் சான்றும் காட்டி வாங்கிவிடலாம்.

கடைக்காரர் மேசைமேல் மூன்று வகைகளைப் பரப்பினார். முதலாவது, குழலை மடக்கி உள்ளிருக்கும் வில்சுருளை அழுத்திச் சுடுவது. மெரினாவில் பலூன் சுடக் கொடுக்கிறார்களே, ஏறத்தாழ அந்த இனம். இரண்டாவது, கரியமில வாயு அடைத்த சிறு குப்பியால் இயங்குவது. குப்பி தீரத் தீர வாங்க வேண்டும். வெயிலுக்கும் குளிருக்கும் அதன் வேகம் மாறும். மூன்றாவது, காற்றை முன்கூட்டியே பேரழுத்தத்தில் அடைத்து வைப்பது. அதிராது, குறி தவறாது. ஆயினும் துப்பாக்கியின் விலையோடு காற்றடிக்கும் பம்பின் விலையையும் சேர்த்துக் கேட்டபோது, அந்தப் பணத்துக்குத் தேங்காயை ஆயுள் முழுவதும் சந்தையிலேயே வாங்கிக்கொள்ளலாமே என்று மச்சான் முணுமுணுத்தார். ஆகவே நம் தரத்துக்கு வில்சுருள்தான்.

ஆவடியில் முப்பது ஆண்டுகள் இரும்போடும் எண்ணெயோடும் பழகிய கைகள் நம்முடையவை. ஆதலின் இந்த இடத்தில் சற்று நின்று பேச வாசகர்கள் இடந்தர வேண்டும்.

எடை குறைந்தது நல்லது என்று எல்லாரும் எண்ணுகின்றனர். தோளில் மாட்டிக்கொண்டு வரப்பில் நடப்பதற்கு அது சரிதான். சுடுவதற்கு அப்படியன்று. விசையை இழுத்ததும் வில்சுருள் விரிந்து உள்ளேயுள்ள பிஸ்டனை முன்னே தள்ளுகிறது. துப்பாக்கி பின்னே நகர்கிறது. பிஸ்டன் முனையில் போய் முட்டி நின்றதும் துப்பாக்கி முன்னே துள்ளுகிறது. இத்தனையும் ரவை குழலை விட்டு நீங்குவதற்குள் நடந்துவிடுகின்றன. துப்பாக்கி கனமாயிருந்தால் தன் கனத்தாலேயே இந்த ஆட்டத்தை அடக்கிக்கொள்ளும். லேசானதாயிருந்து சுருளும் வலியதாயிருந்தால் குறி எங்கோ, குண்டு எங்கோ. இரும்பெனப் பற்றிப் பிடித்தாலும் பயனில்லை. உள்ளங்கையில் தாங்கி, அதன் போக்கில் துள்ள விட்டால்தான் ஒவ்வொரு முறையும் ஒரே விதமாகத் துள்ளும். எனவே லேசானதை விரும்புவோர் மென்மையான சுருள் உள்ளதையே தேட வேண்டும். கடைகளில் மிகுந்த வேகத்தைத்தான் பெருமையாகச் சொல்லி விற்கிறார்கள்.

மென்மையானது எலிக்குப் போதுமா? 4.5 மில்லிமீட்டர் ஈயக்குண்டு ஒன்றின் எடை ஏறத்தாழ அரை கிராம். அது நொடிக்கு 200 மீட்டர் வேகத்தில் சென்றால் ஆற்றல் 10 ஜூல். சட்டம் வகுத்த எல்லையில் அது பாதி. பத்துப் பதினைந்து மீட்டர் தொலைவில் எலியின் தலையில் பட்டால் உடனே முடிந்துவிடும். வயிற்றிலோ தொடையிலோ பட்டால் எவ்வளவு வேகமாயிருந்தும் பயனில்லை. வளைக்குள் சென்று இரண்டு நாள் துடித்துச் சாகும். கொல்ல நேர்ந்தாலும் செம்மையாகக் கொல்லுமாறு பணிக்கப்பட்டவர்கள் நாம். ஆகவே துப்பாக்கியின் வலுவைக் காட்டிலும் சுடுபவன் எத்தனை தொலைவில் தவறாது சுடுவான் என்பதே கணக்கு. மச்சானுக்கு அது பத்து மீட்டர். நமக்கு, கண்ணாடி அணிந்தும், ஏழு.

இறுதியில் இரண்டரைக் கிலோ அளவில், மரக்கட்டை பூட்டிய நம் நாட்டுத் துப்பாக்கி ஒன்றைத் தேர்ந்தோம். அதைவிட லேசானதும் இருந்தது. அதனைக் குழந்தையும் மடக்கிவிடும் என்று கடைக்காரர் புகழ்ந்தார். அந்தப் புகழ்ச்சிதான் அதை நாம் வேண்டாமென வைத்ததற்குக் காரணம்.

வீட்டுக்கு வந்த மறுநாள் காலை கொல்லைச் சுவரின்மேல் பால்பவுடர் டப்பா ஒன்றை வைத்து மச்சான் சுட்டார். முதல் இரண்டும் எங்கு போயினவோ தெரியவில்லை. மூன்றாவதை நாம் சுட்டோம். டப்பாவின் கீழே சிமெண்டுப் பூச்சில் பட்ட ரவை திரும்பி வந்து, கிணற்றடியிலிருந்த பிளாஸ்டிக் வாளியில் ‘டக்’கென்று தைத்தது. வாளிக்கு ஒரு சாண் அப்பால், என்ன நடக்கிறதென்று பார்க்க வந்து நின்ற நம் பேத்தி. ஆறு வயது. வாளியின் பக்கத்தில் விழுந்த பொட்டை விரலால் தொட்டுப் பார்த்து, “நன்னா, ஓட்டை!” என்று சிரித்தாள்.

பிள்ளைகளை உள்ளே இருத்தாமல் சுட்டதும், கெட்டிச் சுவரைப் பின்னே வைத்துச் சுட்டதும் நம் பிழைகள். முப்பது ஆண்டுகள் இயந்திரங்களுக்குக் காப்புக் கம்பி அடித்துக் கொடுத்தவருக்கு இது தெரிந்திருக்க வேண்டும். துணைவியார் ஒன்றும் சொல்லவில்லை. வாளியை மட்டும் எடுத்துச் சென்று உள்ளே வைத்தார்.

அன்று முழுவதும் ஒரு ஹதீஸ் நினைவில் சுழன்றுகொண்டிருந்தது. விரல்களுக்கிடையே பொடிக்கல்லை வைத்துச் சுண்டியெறிவதை அண்ணலார் தடுத்தார்கள். அது வேட்டையையும் வீழ்த்தாது, பகைவனையும் காயப்படுத்தாது, கண்ணைப் பறிக்கும், பல்லை உடைக்கும் என்பது கருத்து. அப்துல்லாஹ் இப்னு முகஃப்பல் (ரலி) அவர்கள் அறிவித்தது. சிறுவயதில் ஓதியபோது, இவ்வளவு சிறிய செயலுக்கு இத்துணை கண்டிப்பா என்று வியந்ததுண்டு.

அன்றிரவு மச்சானிடம் சாலிம் அலி அவர்களின் கதையைச் சொன்னோம். 1896இல் பம்பாயில் பிறந்து, பெற்றோரை இளமையிலேயே இழந்து, மாமா அமீருத்தீன் தையப்ஜியின் ஆதரவில் வளர்ந்த சிறுவர் அவர். கையில் ஒரு சிறு காற்றுத் துப்பாக்கி. வீழ்த்திய சிட்டுகளுள் ஒன்றின் தொண்டையில் மஞ்சள் கறை போலொரு புள்ளி. வழக்கமான சிட்டில்லையே, இதை உண்ணலாமா, ஹலால்தானா என்று முஸ்லிம் வீட்டுப் பிள்ளைக்கு ஐயம். மாமாவிடம் போனார். மாமாவுக்கும் தெரியவில்லை, பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகச் செயலாளர் மில்லர்டிடம் அனுப்பினார். ஆண்டு 1908. மஞ்சள்தொண்டைச் சிட்டு என்று அவர் இனங்கண்டு சொன்னதோடு, பாடம் செய்து அடுக்கியிருந்த பறவைகளையும் திறந்து காட்டினார். அந்தப் பையன்தான் பின்னாளில் நாட்டின் பறவையியலுக்கே தந்தை போன்றவரானார். 1985இல் வெளியான தம் வாழ்க்கை நூலுக்கு அந்தச் சிட்டின் வீழ்ச்சியையே தலைப்பாக வைத்தார்.

“அப்படியானால் துப்பாக்கியால் நன்மையும் விளைந்ததுதானே மச்சான்” என்றார் அவர். மறுக்க இயலவில்லை. சாலிம் அலி அதன்பின் துப்பாக்கியைத் தூக்கி எறிந்தவரும் அல்லர். ஆராய்ச்சிக்குப் பறவைகளைச் சுட்டுப் பாடம் செய்தே கற்றவர். கதைகள் நாம் விரும்பும் பக்கமே சாய்வதில்லை.

ஆயினும் ஹலால் பற்றிய அவருடைய கேள்வி நமக்கும் தேவைப்பட்டது. மச்சானின் பிள்ளைகள் அதற்குள்ளாகவே புறாவையும் காடையையும் பற்றிப் பேசத் தொடங்கியிருந்தனர். துப்பாக்கிக் குண்டு பட்டு, அறுப்பதற்குமுன் செத்த பறவை, அடிபட்டுச் செத்ததாகவே பெரும்பாலான மார்க்க அறிஞர்களால் கொள்ளப்படும், உண்ணலாகாது. நாட்டுச் சட்டமும் தனியே இருக்கிறது. 1972ஆம் ஆண்டின் வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டத்தில் காகம், பழந்தின்னி வௌவால், எலி ஆகியவற்றைத் தீங்குயிர்களாக வைத்த ஐந்தாம் அட்டவணை ஒன்று இருந்தது. 2022இல் செய்த திருத்தம் அந்த அட்டவணையையே எடுத்துவிட்டது. அது 2023 ஏப்ரல் முதல் நடப்புக்கு வந்தது. மயில் எந்நாளும் முதல் அட்டவணையைச் சேர்ந்தது. கடலைக்கொல்லையில் மயில் இறங்குகிறதே என்று மச்சான் குறைப்பட்டது நியாயமே. அதற்கு மருந்து துப்பாக்கி அன்று. அருணாசலப் பிரதேசத்தில் 2021இல் அரசு கேட்டுக்கொண்டதன்பேரில் மக்கள் தம் காற்றுத் துப்பாக்கிகளைத் தாமே கொண்டுவந்து ஒப்படைத்தனர். அங்கே காடுகளில் பறவைக் குரல் அருகிப்போனதே அந்த முயற்சிக்குக் காரணம். பிள்ளைகளை அழைத்து இதைச் சொன்னோம். எலியைத் தவிர வேறெதையும் நோக்கிக் குழல் திரும்பினால் துப்பாக்கி சேக்காட்டுக்கே வந்துவிடும் என்பது உடன்பாடு.

சேக்காட்டில் அதற்கு வேலையில்லை என்பதும் அதற்குள் தெளிந்துவிட்டது. தென்னையிலிருக்கும் எலியைச் சுட வேண்டுமானால் மேல்நோக்கிச் சுட வேண்டும். தவறிய ரவை வானத்தில் நிற்காது. சில நூறு மீட்டர் சென்று எவர் மொட்டைமாடியிலேனும் இறங்கும். மாடியில் துணி காயப்போடும் பெண்களும் பட்டம் விடும் பிள்ளைகளும் நிறைந்த தெரு இது.

ஆகவே கொல்லைக்கு வேறு வழி பார்த்தோம். 40 செண்டிமீட்டர் அகலத் தகரப் பட்டையைத் தரையிலிருந்து 2 மீட்டர் உயரத்தில் மரத்தைச் சுற்றி அடித்தால் எலியின் நகம் வழுக்கும், ஏற முடியாது. நான்கு மரத்துக்கும் அடித்தோம். பத்து நாளில் மறுபடியும் துளையிட்ட காய்கள் விழுந்தன. பார்த்தால், அடுத்த வீட்டு மரத்தின் மட்டை நம் மரத்தின் மட்டையோடு கைகோத்து நிற்கிறது. எலி அவ்வழியே வருகிறது. அந்த வீட்டாரோடு எல்லைச் சுவர் தகராறில் ஈராண்டாகப் பேச்சில்லை. துணைவியார்தான் நோன்புக் கஞ்சிப் பாத்திரத்தோடு போய்ப் பேசினார். அவர்கள் மரத்துக்கும் பட்டை அடித்தாயிற்று, மட்டைகளையும் கழித்தாயிற்று. சுவர் வழக்கு இன்னும் அப்படியேதான் இருக்கிறது.

துப்பாக்கி ஊத்துக்கோட்டைப் பக்கம் போயிற்று. அங்கே களஞ்சியத்தின் பின்னால் ஏரிக்கரை. மண்மேடு ரவையை விழுங்கிக்கொள்ளும். மாலையில் மச்சான் ஒருவர் மட்டும் சுடுவார். சுட்டபின் துப்பாக்கி ஒரு பூட்டிலும் ரவை வேறொரு பூட்டிலும் இருக்கும். சுருளை மடக்கியபடி வைப்பதில்லை; ரவையின்றி வெறுமனே சுடுவதுமில்லை; இரண்டும் சுருளைக் கெடுக்கும்.

வயலில் எலியைக் குறைத்ததென்னவோ அவர் பாட்டனார் காலத்துத் தஞ்சாவூர்க் கிட்டிகளும், அறுவடைக்குப்பின் வரும் இருளர்களும்தாம். மூங்கிலில் வில் பூட்டிய அந்தக் கிட்டிக்கு உரிமமும் வேண்டா, குறி பார்க்கும் கண்ணும் வேண்டா. இருளரோ வளையின் வாயைப் பார்த்தே உள்ளே எலி இருக்கிறதா என்று சொல்லிவிடுவர். மண்பானையில் வைக்கோல் புகை மூட்டி உள்ளே ஊதி, வெளியே ஓடிவருவதைக் கையாலேயே பிடிப்பர். எலி சேர்த்து வைத்த நெற்கதிரும் அவர்களுக்கே. களஞ்சியத்துக்குள் கிட்டிக்குத் தப்பிய கிழட்டு எலி ஏதேனும் இருந்தால் அப்போதுதான் துப்பாக்கி இறங்கும்.

சென்ற மாதம் மச்சான் தொலைபேசியில் அழைத்து, ரவை டப்பா ஒன்று வாங்கி அனுப்பச் சொன்னார். வாங்கிய டப்பாவில் பாதிகூடத் தீர்ந்திருக்காதே என்று கேட்டோம். தீரவில்லையாம், மழைக்காலத்து ஈரத்தில் ஈயமெல்லாம் வெள்ளை பூத்துவிட்டதாம்.