ஒரு நிமிடத்தில் மறந்த உதை

மூன்று மணி நேர ஆட்டத்தில் அவருக்குக் கிடைக்கும் வேலை சில விநாடிகள்தான். சக வீரர்கள் மோதி, விழுந்து, காயங்களோடு திரும்பும்போது அவர் கோட்டுக்கு வெளியே கால்களை நீட்டி மடக்கிக் காத்திருப்பார். ஆனால் புள்ளிகள் சமமாகி நேரம் தீரும் வேளையில் மைதானமே திரும்பிப் பார்ப்பது அவரைத்தான். கனடா கால்பந்தில் அவருக்குப் பெயர் கிக்கர்.

இந்தியர்கள் அறிந்த கால்பந்து அல்ல இது. முட்டை வடிவப் பந்து, அணிக்கு 12 பேர், 110 கெஜ மைதானம். பந்தை எறிந்தும் ஏந்தி ஓடியும் முன்னேற வேண்டும். வழி அடைபட்டால் கிக்கருக்கு அழைப்பு வரும். சக வீரர் ஒருவர் தரையில் நிறுத்திப் பிடிக்கும் பந்தை, பாய்ந்து வரும் எதிரணியினரின் கைகளுக்கு மேலாக, இரு கம்பங்களுக்கு நடுவே உதைத்து அனுப்பினால் 3 புள்ளிகள். இதுதான் ஃபீல்ட் கோல்.

இந்தக் கலையின் பெரிய பெயர் லூயி பசாலியா. பிறந்தது வான்கூவரில், 1976 முதல் 2000 வரை 25 பருவங்கள் ஆடியதும் அதே ஊரின் பி.சி. லயன்ஸ் அணிக்குத்தான். 408 ஆட்டங்களில் 3,991 புள்ளிகள். வட அமெரிக்கத் தொழில்முறைக் கால்பந்தில் வேறு யாரும் இதை நெருங்கவில்லை.

அவர் கணக்கில் இன்னொரு எண்ணும் உண்டு. ஃபீல்ட் கோலுக்காக அவர் உதைத்தது 1,203 முறை, வெற்றி 875. அதாவது 328 முறை பல்லாயிரம் பேர் பார்க்கத் தவறவிட்டார். மற்ற வீரர்களின் பிழை கூட்டத்தில் கலந்துவிடும். கிக்கரின் பிழைக்கு மறைவிடம் கிடையாது.

1994 நவம்பர் 27 அன்று வான்கூவரில் கிரே கோப்பை இறுதி ஆட்டம். எதிரணி அமெரிக்காவின் பால்டிமோர். 1909 முதல் வழங்கப்பட்டுவரும் கோப்பை முதல் தடவையாக நாட்டை விட்டுப் போய்விடுமோ என்ற கவலை. 23-23 என்ற நிலையில், ஏறத்தாழ ஒரு நிமிடம் மிச்சமிருக்க, 37 கெஜத்திலிருந்து பசாலியா உதைத்தார். பந்து கம்பங்களுக்கு வெளியே போனது. தன் ஊரில், 55,000 பேர் முன்னால்.

பால்டிமோரால் பந்தைத் தக்கவைக்க முடியவில்லை. கடைசி உதைக்கு மீண்டும் பசாலியா. இம்முறை 38 கெஜம், முன்னதைவிட ஒரு கெஜம் அதிகம். பந்து நடுவே பாய்ந்தது. 26-23. (அடுத்த ஆண்டே பால்டிமோர் கோப்பையை வென்றது வேறு கதை.)

இரு உதைகளுக்கும் இடைப்பட்ட அந்த ஒரு நிமிடம்தான் இத்தொழிலின் சாரம். வியூகம் வகுக்கத் தெரிந்த பயிற்சியாளர்கள் பலருக்குக் காலின் கோணம் தெரியாது. பெரும்பாலான நேரம் கிக்கர் தனக்குத் தானே பயிற்சியாளர். தவறு ஓட்டத்திலா, பார்வையிலா, பாதம் பட்ட இடத்திலா என்று தானே கண்டுபிடிக்க வேண்டும். கண்டதும் திருத்த வேண்டும். திருத்தியதும் மறக்க வேண்டும். மறக்காதவர் அடுத்த உதையில் பழைய உதையையே உதைப்பார்.

வயதும் அவரிடம் தோற்றது. கடைசிப் பருவமான 2000ல், 46 வயதில், 44 ஃபீல்ட் கோல் முயற்சிகளில் 40ல் வெற்றி. அவர் வாழ்க்கையிலேயே சிறந்த விகிதம் அது. 8 வெற்றி, 10 தோல்வி என்று தட்டுத்தடுமாறிய லயன்ஸ், கிரே கோப்பை இறுதிக்கு வந்து மான்ட்ரியலை 28-26 என வென்றது. வித்தியாசம் 2 புள்ளிகள். ஆட்டத்தின் முடிவில் பசாலியா உதைத்த ஃபீல்ட் கோலுக்கு 3.

அத்துடன் ஓய்வு. 2004ல் கனடா கால்பந்தின் புகழ் மண்டபத்தில் அவர் இடம்பெற்றார். அவர் அணிந்த 5ஆம் எண் சட்டையை லயன்ஸ் வேறு யாருக்கும் தருவதில்லை.