பக்கத்து எலும்பின் பாரம்

"ஆபரேஷன் பண்ணின இடம் கல்லு மாதிரி இருக்கும்மா. இப்ப தகராறு அதுக்கு மேல் வீட்டுல!" என்றார் டாக்டர். அவருக்கென்ன, சிரித்துக்கொண்டே சொல்லிவிட்டார். எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது.

2015-ல், என் 37-வது வயதில் இடுப்பில் ஆபரேஷன் ஆயிற்று. நாலாவது இடுப்பெலும்பு, ஐந்தாவதின் மேலிருந்து முன்பக்கம் நழுவி நரம்பை நசுக்கிக்கொண்டிருந்தது. பத்து நிமிஷம் நின்று தோசை வார்த்தால் இடது கால் மரத்துப் போகும். டைட்டானியம் திருகும் கம்பியும் வைத்து, என் எலும்பிலிருந்தே எடுத்த துண்டுகளைப் பதித்து இரண்டையும் ஒன்றாக்கினார்கள். எலும்பு வளர்ந்து ஒட்டும்வரை பிடித்துவைக்கத்தான் திருகெல்லாம். அதற்கு ஆறு மாதமோ, ஒரு வருஷமோகூட ஆகுமாம். கால்வலி போயே போச்சு. ஆபரேஷனைக் குறை சொல்ல நான் இதை எழுதவில்லை.

தப்புக் கணக்குப் போட்டது நான்தான். இடுப்புதான் இரும்பாகிவிட்டதே என்று குடத்தைத் தூக்கினேன், சிலிண்டரை நகர்த்தினேன், குனிந்தபடியே வாசல் பெருக்கிக் கோலம் போட்டேன்.

2023 ஆவணியில் மறுபடி வலி. மூன்று மாதம் வாயே திறக்கவில்லை. முதல் ஆபரேஷனுக்கே இவர் பி.எஃப். கடன் போட்டிருந்தார். "இவ்வளவு செலவு பண்ணியுமா?" என்று மாமியார் கேட்டுவிட்டால்? ராத்திரி எல்லோரும் தூங்கியபின் தைலம் தேய்த்துக்கொள்வேன். திருகு கழன்றுவிட்டதோ என்ற பயம் வேறு.

கடைசியில் போனபோது, குனிந்தபடி ஒன்று, பின்னால் சாய்ந்தபடி ஒன்று என்று எக்ஸ்ரே எடுத்தார்கள். நேராக நிற்கையில் ஒழுங்காக இருந்த மூன்றாவது எலும்பு, நான் குனிந்ததும் நாலாவதின் மேல் சில மில்லிமீட்டர் முன்னே நகர்ந்திருந்தது.

இடுப்பில் ஐந்து எலும்புகள். நாம் குனியும்போது ஒவ்வொரு இணைப்பும் கொஞ்சம் கொஞ்சம் வளைகிறது. ஒன்றை ஒட்டிவிட்டால் அதன் பங்கு வளைவும் பக்கத்து இணைப்பின் தலையில் விழுகிறது, பெரும்பாலும் மேலே இருப்பதன் தலையில். கூட்டுக் குடும்பத்தில் ஒரு மருமகள் படுத்துவிட்டால் ஓரகத்தி பாடு என்ன ஆகும்? அதே கதைதான்! நடுவிலுள்ள டிஸ்க்கில் அழுத்தம் கூடி, பின்புறத்துச் சின்ன மூட்டுகள் தேய்ந்து, பிடிப்புத் தளர்கிறது. வயசானால் தானாகவும் தேயும். இதில் ஆபரேஷனின் பங்கு எவ்வளவு, வயசின் பங்கு எவ்வளவு என்பதில் டாக்டர்களுக்குள்ளேயே ஒத்த கருத்து இல்லை. 2004-ல் அமெரிக்காவில் வெளியான, 215 பேரைப் பற்றிய ஓர் ஆய்வு, பத்து வருஷத்துக்குள் நூற்றுக்குச் சுமார் 36 பேருக்குப் பக்கத்து இடத்தில் மறுபடி ஆபரேஷன் தேவைப்படலாம் என்று கணக்கிட்டது. ஆனால் எக்ஸ்ரேயில் தேய்மானம் தெரிகிற எல்லோருக்கும் வலி வருவதில்லை.

"இதை முன்னாடியே சொல்லியிருக்கக் கூடாதா?" என்று கேட்டேன். "சொன்னோமேம்மா, கையெழுத்துகூடப் போட்டீங்களே." போட்டேன்தான். அன்றிருந்த வலியில் எந்தக் காகிதத்தை நீட்டினாலும் போட்டிருப்பேன்.

நல்லவேளை, எனக்கு இப்போதைக்கு இன்னொரு ஆபரேஷன் வேண்டாம் என்றார். வயிற்றுத் தசைக்கும் பிட்டத் தசைக்கும் பிசியோதெரபிப் பெண் சொல்லித்தந்த பயிற்சிகள், தினம் அரை மணி நடை. எதை எடுத்தாலும் முழங்காலையும் இடுப்பு மூட்டையும் மடக்கி எடுக்க வேண்டும். பாரத்தோடு உடம்பைத் திருப்பவே கூடாது. கால் பலம் குறைந்தாலோ, சிறுநீர் கட்டுப்பாடு தவறினாலோ, உட்காருமிடம் மரத்துப் போனாலோ அன்றைக்கே ஓடி வரச் சொன்னார். நாலு மாதத்தில் வலி பாதியாகக் குறைந்தது.

மாமியாரிடம் சொன்னபோது அவர் செலவைப் பற்றிப் பேசவே இல்லை. "மூணு மாசமா தைல வாசனை வந்துதே, நீயா சொல்லுவேன்னு பார்த்தேன்" என்றார்.

இப்போது வாசல் கோலம் என் மகன் போடுகிறான். புள்ளி ஒரு பக்கம், கோடு ஒரு பக்கம்!