கல்லட்டி: முப்பத்தாறு வளைவுகளின் கணக்கு

ஊட்டியிலிருந்து மசினகுடிக்குப் போக இரண்டு வழிகள். பைக்காரா, நடுவட்டம், கூடலூர் என்று சுற்றிப் போனால் 60 கிலோமீட்டருக்கு மேல். தலைகுந்தாவில் பிரிந்து கல்லட்டி வழியாக இறங்கினால் ஏறக்குறைய பாதிதான். பாதி தூரம் என்றால் யாருக்குத்தான் ஆசை வராது? ஆனால் வெளியூர் வண்டிகளை அந்த வழியில் இறங்க விடுவதில்லை; கூடலூர் பக்கம் திருப்பி அனுப்பிவிடுகிறார்கள். கீழிருந்து ஏறி வரலாம். இறங்கத்தான் கட்டுப்பாடு.

காரணம் இல்லாமல் இல்லை. 2018 அக்டோபர் தொடக்கத்தில், சென்னையிலிருந்து வந்தவர்களின் கார் ஒன்று இங்கே பள்ளத்தில் விழுந்தது. ஏழு பேரில் ஐந்து பேர் இறந்துபோனார்கள். வண்டி விழுந்த சங்கதியே இரண்டு நாள் கழித்துத்தான் வெளியே தெரிந்தது.

மேலே சில்லென்ற காற்றும் தைல மரங்களும். கீழே போனால் முள்காடு, புழுதி, வெயில், யானைச் சாணம். ஒரு மணி நேரத்துக்குள் இரண்டு ஊர்க் காலநிலையைப் பார்த்துவிடலாம். அவ்வளவு சீக்கிரம் உயரம் குறைகிறது என்பதுதான் இந்தப் பாதையின் அழகு. ஆபத்தும் அதுவேதான்.

கொண்டை ஊசி வளைவு என்றாலே பயம். இங்கே 36 இருக்கின்றன. உண்மையில் வளைவு ஓட்டுநரின் எதிரி இல்லை. மலை மீது சாலையை இழுத்து நீளமாக்கி, சரிவைக் குறைப்பதற்காகப் போடுவதுதான் வளைவு. மலைச்சாலைகளுக்கான இந்திய விதிகள், 20 மீட்டர் போனால் ஒரு மீட்டர் ஏறுவதை நல்ல சரிவாகச் சொல்கின்றன. தவிர்க்கவே முடியாத செங்குத்து மலையில் 8 சதவீதம் வரை போகலாம். ஐந்து சதவீதச் சரிவில் 1,000 மீட்டர் உயரம் இறங்க 20 கிலோமீட்டர் சாலை வேண்டும். அந்த நீளத்துக்கு இடம் இல்லாமல் சுருக்கினால், மிச்சக் கணக்கை பிரேக்தான் கட்ட வேண்டும்.

அது சின்னக் கணக்கு இல்லை. ஒன்றரை டன் கார் 1,000 மீட்டர் இறங்கும்போது கிடைக்கும் ஆற்றல் முழுவதும் சூடாக மாறினால், 40 லிட்டர் தண்ணீரைக் கொதிக்க வைத்துவிடலாம். காலை பிரேக்கிலேயே வைத்து இறங்குகிறவர்கள் அந்தச் சூட்டில் பெரும்பகுதியை நான்கு சக்கரங்களுக்குள் அடைக்கிறார்கள். கருகல் வாசனை வரும். பிறகு மிதித்தாலும் பிடிக்காது. ஏறும்போது இந்தத் தொல்லை இல்லை. முதல் கியரிலோ இரண்டாவது கியரிலோ இறங்கினால் எஞ்சினே வண்டியை இழுத்துப் பிடிக்கும். சமவெளியில் ஓட்டிப் பழகியவர்களுக்கு இது சட்டென்று கைவருவதில்லை.

வளைவுக்கும் விதி இருக்கிறது. உள் ஆரம் குறைந்தது 14 மீட்டர். வளைவுக்குள் சரிவு 40-க்கு ஒன்றைத் தாண்டக்கூடாது. அதாவது திரும்பும் இடம் கிட்டத்தட்ட சமதளமாக இருக்க வேண்டும். வெளி விளிம்பு பத்துக்கு ஒன்று உயர்ந்திருக்க வேண்டும். இருவழி மாநில நெடுஞ்சாலை என்றால் வளைவில் 11.5 மீட்டர் அகலம். நீளமான பஸ் திரும்பும்போது பின்சக்கரம் முன்சக்கரத்தின் தடத்தில் வராது, உள்பக்கமாகவே வெட்டி வரும். அதற்குத்தான் இந்தக் கூடுதல் இடம். அடுத்தடுத்த இரண்டு வளைவுகளுக்கு நடுவே 60 மீட்டராவது நேராக இருந்தால்தான் ஓட்டுநர் ஸ்டியரிங்கை நேராக்கி மூச்சு விட முடியும்.

கல்லட்டி இந்த விதிகளுக்கு எத்தனையோ காலம் முந்தையது. மைசூர்ப் பக்கம் இறங்க 19-ஆம் நூற்றாண்டில் வெட்டிய பாதை. மாட்டுவண்டிக்கு பிரேக் சூடாகும் கவலை ஏது? இன்று முழுப் பாதையையும் புதிதாக வளைத்துப் போடலாமே என்றால், கீழே முதுமலைப் புலிகள் காப்பகக் காடு. அகலப்படுத்த மலையை வெட்டினால் மழைக்கு மண் சரியும்.

அதனால் சின்ன வேலைகள்தான் கைகொடுக்கும். பள்ளத்துப் பக்கம் தடுப்பு, எதிரே வருவது தெரியக் குவி ஆடி, உள்பக்கப் புதரை வெட்டிப் பார்வையைத் திறப்பது, மலையோரச் சாக்கடையைக் கல்பலகையால் மூடி அந்த ஓரடி, ஈரடியையும் சக்கரத்துக்குத் தருவது. பார்க்க அற்பமாகத் தெரியும். இரண்டு வண்டிகள் எதிரெதிரே நிற்கும்போது அந்த ஈரடிதான் பேசும்.

அப்படி நிற்கும்போது ஏறி வரும் வண்டிக்கே முதல் வழி. இது மரியாதைக்காகச் சொல்வதில்லை, சட்டமே அப்படித்தான். ஏற்றத்தில் நின்ற வண்டியை மறுபடி கிளப்புவது சிரமம்; பிரேக்கை விட்டால் பின்னால் உருளும். உள்ளூர் ஜீப்காரர்கள் கீழே ஹாரன் கேட்டதுமே, அகலமான இடம் பார்த்து ஒதுங்கி நின்றுவிடுவார்கள்.