ஒழுகும் குளிர்ப்பெட்டி

பிணியின் காரணத்தை அறியாமுன் மருந்திடுதல் தகாது என்பது மருத்துவர்க்கு மட்டும் உரிய விதியன்று. யந்திரங்களைப் பேணுவோர்க்கும் அதுவே முதற்பாடமாகும். இவ்வுண்மையை எங்கள் இல்லத்து ஜன்னலில் அமைந்த ஏ.சி. பெட்டியொன்று எனக்கு நன்கு உணர்த்தியது.

திண்டுக்கல்லினின்று பழனி செல்லும் சாலையில் உள்ளது எங்கள் ரெட்டியார்சத்திரம். சித்திரை, வைகாசி மாதங்களில் இங்கு அடிக்கும் வெயில் சொல்லுந்தரமன்று. முதுமையாலும் நெஞ்சுநோயாலும் தளர்ந்த என் தந்தையார் அவ்வெப்பத்தைத் தாங்கமாட்டாராதலின், அவர் அறையில் அப்பெட்டியை அமைத்தோம். கோடையிற் குற்றமின்றி ஓடிய அது, ஐப்பசிப் புழுக்கத்தில் அறைக்குள்ளே நீர் சொட்டத் தலைப்பட்டது. சுவர் வழியே இறங்கிய நீர் மின்செருகியை நெருங்கிற்று, தரையும் வழுக்கலாயிற்று. கோலூன்றி நடக்கும் முதியவர் ஒருவர்க்கு இஃது எத்துணை அபாயம் என்பதை யான் விரித்துரைக்க வேண்டுவதில்லை.

பழுதுபார்க்க வந்த ஒருவர், கேஸ் குறைந்துவிட்டதென்றும், அதனை நிரப்பப் பெருந்தொகை வேண்டுமென்றும் கூறினார். ஆனால் அறையோ நன்றாகவே குளிர்ந்தது. குளிர்ச்சுருளில் பனி படியவுமில்லை. ஆதலின் அக்கூற்றை ஏற்க என் மனம் ஒருப்படவில்லை.

அந்நீர் எங்கிருந்து வருகிறது? 1902ஆம் ஆண்டில் நியூயார்க் நகரின் புரூக்ளின் பகுதியிலிருந்த அச்சகமொன்றில், காற்றின் ஈரம் மாறுந்தோறும் காகிதம் விரிந்து சுருங்கியமையால் வண்ணங்கள் ஒன்றோடொன்று பொருந்தாது போயின. அக்குறையை நீக்கவே வில்லிஸ் கேரியர் என்னும் இளம் எஞ்சினீயர் தம் சாதனத்தை வகுத்தார். ஆகவே, காற்றினின்று ஈரத்தைப் பிரித்தல் இவ்வியந்திரத்தின் குற்றமன்று, பிறவிக்குணமேயாம். வறண்ட கோடையில் அந்நீர் சிறிது, மழைக்காலத்திலோ மிகுதி. அது அடித்தட்டின் வழியே பின்புறம் சென்று, ஒரு பகுதி வெளிவிசிறியால் வெப்பச்சுருளின்மேல் தெறிக்கப்பட்டு ஆவியாகும். எஞ்சியது வெளியே வடியும். பின்புறத்தில் நீர் சலசலக்கும் ஓசை கேட்பின் அஞ்சவேண்டா.

பின்புறம் செல்லவேண்டிய நீர் முன்புறம் வருவானேன்? அண்டைவீட்டுக் கொத்தனார் தம் ரசமட்டத்தைப் பெட்டியின்மேல் வைத்துப் பார்த்து, "தம்பி, பெட்டி உள்பக்கமாச் சாஞ்சிருக்கு, தண்ணி பள்ளத்துக்குத்தானே வரும்?" என்றார். தாங்கியிருந்த மரச்சட்டத்தின் உட்பகுதி நைந்து தாழ்ந்திருந்தது. மின்சாரத்தை நிறுத்தி, செருகியைக் கழற்றிய பின்னர், இருவர் பெட்டியைத் தாங்கிநிற்க, சட்டத்தை மாற்றினோம். பின்புறம் ஏறத்தாழ அரை அங்குலம் தாழுமாறு வைத்தோம். வடிதுளையில் அடைந்திருந்த பாசியையும் தூசியையும் அகற்றினோம். வடிகட்டியைக் கழுவி உலர்த்தினோம். வடிகட்டியில் அழுக்கு அடைந்தால் காற்றோட்டம் குன்றிச் சுருளில் பனி உறையும். பெட்டியை நிறுத்தியதும் அது உருகி ஒழுகும். அடித்தட்டில் புதிதாகத் துளையிடுதல் மட்டும் ஆகாது.

அன்றிரவு முதல் அறைக்குள் ஒரு சொட்டும் விழவில்லை. வெளியே வடியும் நீர் இப்பொழுது முருங்கைக்குப் பாய்கிறது. சொட்டுநீரின் அருமையறிந்த இவ்வூரில் அதனை வீணாக்க யாருக்கு மனம் வரும்? தந்தையாரும் அச்சமின்றி நடமாடுகிறார். பெரும்பொருள் செலவிடுமுன் சிறு காரணங்களை ஆராய்தல் நன்றென்பதே, மாணவ நண்பர்களே, இதனால் யான் கூற விழைவது.